பைபிளின் மேல் வைத்த கை

அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்குக் கீழே, ரோட்டோரமாக ஒரு தையற்காரரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். எங்களைப் போலவே கத்தோலிக்கத் தமிழர்கள். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில், பட்டப்பகலில், அவரை வெளியே இழுத்துப்போட்டு அடித்துக் கொன்றார்கள். எங்களுக்கு வீட்டை வாடகைக்குக் கொடுத்திருந்த சிங்கள அம்மா கேற்றை மறித்து நின்றதால் கூட்டம் எங்களிடம் வரவில்லை. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். முதல் அடியை அடித்தவரை எனக்குத் தெரியும். கீழ் வளைவில் லொறி வைத்திருந்தவர். எங்கள் வீட்டுக்கு விறகு கொண்டுவந்து இறக்கியவர்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

சில மாதங்களுக்குப் பிறகு கண்டியில் லொறிக்காரர் மேல் வழக்கு எடுத்தார்கள். ரோட்டைப் பார்த்த ஜன்னல் எங்களுடையது என்பதால் என்னைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு, பிணையில் வெளியே இருந்த அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியை நிதானமாகக் குடித்தார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழும்பும்போதுதான், தங்கச்சி என்பதற்குச் சிங்களத்தில் நங்கி என்று கூப்பிட்டு, கேட்டார்.

“நங்கி ஸ்கூலுக்கு எந்த பஸ்ல போறது? ரோடு இப்ப நல்லமில்ல. கவனம்.”

அவர் போன பிறகு அம்மாவால் அந்தக் கோப்பையைக் கழுவ முடியவில்லை. “தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துடு புள்ள,” என்றார். “ஒன்னையும் தூக்கிக் குடுக்க என்னால ஏலாது.”

நீதிமன்றத்தில் பைபிளைக் கொடுத்தார்கள். அதன் மேல் கை வைத்து, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டேன் என்றேன். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் சொன்னார்: அங்கே நிற்கிறவரை அன்று கண்டீரா? லொறிக்காரர் என்னை முறைக்கவில்லை. தன் சேர்ட் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தார். காணவில்லை என்றேன். வேறு யாரும் சாட்சி சொல்ல முன்வரவில்லை. அவரை விட்டுவிட்டார்கள்.

பயம் அத்தோடு தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அதன் பிறகு இரண்டு பயங்களோடு நடமாடினேன். பஸ்ஸில் யாராவது பின்னால் வந்து நின்றால் உடம்பு விறைக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில், ஆண்டவர் எல்லோருக்கும் தீர்ப்பிட வருவார் என்று சபை சேர்ந்து சொல்லும்போது என் வாய் மட்டும் நின்றுவிடும். கண்டிக் கோர்ட்டில் தப்பியவரை அங்கே தப்பவிடமாட்டார்கள் என்பதை நான் முழுமனதாக நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என்னை உலுக்கியது. அங்கே என்னையும் அல்லவா கேட்பார்கள்? பூசையில் நன்மை வாங்க, நற்கருணை அப்பம் பெற, போவதை நிறுத்திவிட்டேன்.

தையற்காரரின் மனைவியை நான் அக்கா என்றே கூப்பிடுவேன். அவர் தெல்தோட்டையில் தன் அண்ணனிடம் போயிருந்தார். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போனேன். வாசலில் நின்றபடியே, நான் பார்த்தேன், பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

“எனக்குத் தெரியும் தங்கச்சி. அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு என்னைய குசினியில, அடுப்புக்குப் பக்கத்துல வச்சுப் பூட்டிட்டாரு. பலகைச் சுவத்து ஓட்டையால பார்த்தா ரோடு தெரியல. மேல, ஜன்னல் திரையோரமா ஒன்னோட முகந்தான் தெரிஞ்சிச்சி.”

பிறகு ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா ஒன்னையும் கொன்னுருப்பாங்க. அவன ஆண்டவரு பார்த்துக்குவாரு.” சுளகை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டு, “எப்பன்னுதான் தெரியல. அதுக்குள்ள நான் நம்பிக்கைய விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு,” என்றார்.

அவரும் பயந்துகொண்டிருப்பார் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. அன்றைக்கே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பங்குச் சாமியார் எங்களை ஒரு வழக்கறிஞரிடம் கூட்டிப்போனார். பொய்ச் சாட்சிக்கு என் மேலேயே வழக்கு வரலாம் என்று வழக்கறிஞர் எச்சரித்தார். எழுதியதை நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள் என்றேன். கடிதம் போனது. என்னைத் தேடியும் யாரும் வரவில்லை, அவரைத் தேடியும் யாரும் போகவில்லை. பதிலே இல்லை. என்னைப் பிடிக்க எந்த நாள் வருவார்களோ என்று வருடக்கணக்காகக் காத்திருந்தேன். சந்தையில் எதிர்ப்பட்டால் லொறிக்காரர் சிரிப்பார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பேன்.

அவர் வயதாகி, பேரப்பிள்ளைகள் சூழ, தன் கட்டிலில் இறந்தார். சாவுக்கு அடையாளமாக ரோடு நெடுக வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். நான் தெல்தோட்டைக்குப் போய்ச் செய்தியைச் சொன்னேன். அக்கா சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“இந்நேரம் ஆண்டவரு முன்னாடி நிப்பான்,” என்றார் மெதுவாக. “அங்க யாரும் அவனுக்காகப் பொய் சொல்ல ஏலாது. நெனச்சா எனக்கே நடுங்குது தங்கச்சி.”

அவனுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லலாமா என்று கேட்டார். அவர் சொல்லத் தொடங்கினார். நான் பாதியில், ‘எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்’ என்ற இடத்தில்தான் சேர்ந்துகொண்டேன்.