ஓர வரிசையைச் சேர்த்துக்கொள் என்று சொன்னவள்

1. கையெழுத்து

கொல்லிமலையில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சின்ன ஆராய்ச்சிப் பண்ணை உண்டு. அதில் இருபத்தாறு வருஷம் களப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காளப்பநாயக்கன்பட்டியில் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து மலையேறி, பிளாட் என்று நாங்கள் சொல்லும் சாமைச் சோதனைப் பாத்திகளைக் கவனித்துவிட்டு மாலையில் இறங்குவேன். அந்த வேலையில் நான் செய்த ஒரு கேவலமான காரியத்தை இங்கே எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

பிஎச்.டி. மாணவர்களுக்கான ஆராய்ச்சி உதவித்தொகை எங்கள் பண்ணைக்கு வருஷத்துக்கு ஒன்றுதான். விண்ணப்பத்தை நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கமிட்டிக்குப் போகும். அந்த வருஷம் பூங்கொடி வந்தாள். மலைமேலேயே இருக்கும் பெரக்கரை நாட்டுப் பெண். அப்பா சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். இவள் தாவரவியல் படித்தவள். வேளாண்மைக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

"அக்கா, இது கெடைச்சாத்தானுங்க மேல படிக்க முடியும். இல்லீன்னா நாமக்கல்லுல கோழிப்பண்ணை ஆபீஸ் வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே உதவித்தொகைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தவள் நான். முதல் முறை பதிலே இல்லை. இரண்டாம் முறை, "பண்ணையில் கிடைத்த விளைச்சல் உழவர் நிலத்தில் கிடைக்கவில்லை, காரணம் விளக்கப்படவில்லை" என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். அதற்குள் வயது வரம்பும் தாண்டிவிட்டது. நேற்று வந்த இவளுக்குக் கிடைத்துவிடுமோ என்று வயிறு எரிந்தது. போதாததற்கு என் பண்ணை ஆட்கள் அவளுக்குத் தூக்குப்போசியில் சுடச்சுடச் சாமைச் சோறு கொண்டுவந்து தந்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் எனக்கு ஒரு பிடி வந்ததில்லை.

2. கேள்வி

விண்ணப்பத்தோடு ஒரு முன்னோட்டச் சோதனையின் விவரமும் வைக்க வேண்டும். பூங்கொடி தன் அப்பாவின் காட்டில் வரிசை பிடித்துச் சாமை விதைத்து, அறுத்து, எடை போட்டிருந்தாள். மானாவாரி நிலத்தை எங்கள் பக்கம் காடு என்போம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிளாட்டின் விளிம்பில் நிற்கும் வரிசைக்கு வெளிச்சம் அதிகம், பக்கத்துப் பயிரின் போட்டி குறைவு. கதிர் கொழுத்துவிடும். அதைச் சேர்த்தால் கணக்கு பொய்யாகும் என்பதால் ஓர வரிசையைத் தனியே அறுத்துத் தள்ளிவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் எடை போடுவோம். பார்டர் ரோ என்போம். வேளாண்மையில் இது பாலபாடம்.

பூங்கொடி என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டாள். "அக்கா, ஓரத்து வரிசையையும் சேத்துத்தான் எடை போட்டிருக்கேனுங்க. சரிதானுங்களா? தப்புன்னா அடிச்சுட்டு வேற எழுதிர்றேன்."

அவள் எடை எழுதியிருந்த நோட்டைப் புரட்டுவது போல் கொஞ்ச நேரம் பாசாங்கு செய்தேன். பிறகு, "சேத்துக்கோ கண்ணு. அப்படியே அனுப்பிரலாம்" என்றேன். கையெழுத்தும் போட்டேன். கமிட்டி பார்த்த மாத்திரத்தில் தூக்கி எறியும் என்று எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் நன்றாகப் பசித்துச் சாப்பிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன்.

3. கமிட்டி

அவர்கள் தூக்கி எறியவில்லை. நேரில் பார்க்க மூன்று பேர் மலையேறி வந்தார்கள். அவள் அவமானப்படுவதைப் பார்க்க வேண்டும் என்று நல்ல புடவை கட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

கமிட்டித் தலைவர் பேராசிரியர். அவள் அப்பாவின் காட்டில் நின்று காகிதத்தைப் பார்த்தபடி கேட்டார். "ஏம்மா, பார்டர் ரோவைக் கழிக்கவே இல்லையே. யார் இப்படிச் செய்யச் சொன்னது?"

"அக்காகிட்டக் கேட்டுத்தானுங்க அப்படியே விட்டேன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பூங்கொடி மட்டும் பயப்படவில்லை.

"இதுல எதைங்கய்யா கழிக்கறது? இங்க வந்து நின்னு பாருங்க. மேல் வரப்புக்கும் கீழ் வரப்புக்கும் நடுவுல நாலு வரிசைதானுங்க. ஓரத்தை எல்லாம் கழிச்சா பாதிக் காடு போயிருமுங்க. மேல் ஓரத்துல மண்மேட்டு நெழலு, வெளச்சல் கம்மி. கீழ் ஓரத்துல சாஸ்தி. ரெண்டையும் தனித்தனியாவும் எழுதி வெச்சிருக்கேனுங்க. எங்கப்பா ஓரத்துச் சாமையையும் சேத்துத்தானுங்களே சோறு திங்கறாரு."

அவள் அப்பா ஆமாங்க என்று தலையாட்டினார். பேராசிரியர் சிரித்துவிட்டார். படிப்படியாக இறங்கும் அந்தக் குறுகலான காடு முழுக்க நடந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "நல்ல யோசனை சொல்லியிருக்கீங்க மேடம். பண்ணை விளைச்சல் ஏன் இவங்க காட்டுல வர்றதில்லைன்னு பல வருஷமா கேட்டுக்கிட்டிருக்கோம். ஒரு காரணம் இதுவா இருக்கலாம்."

அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல்தான் என் விண்ணப்பம் திரும்பி வந்தது. புல்டோசர் வைத்துச் சமப்படுத்திய பண்ணையில், இத்தனை வருஷமாக ஓர வரிசையை அறுத்து மாட்டுக்குப் போட்டது என் கைதான். பஸ்ஸில் மலையிறங்கும்போது அழுதேன். செய்த தப்புக்காக அழுதேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த யோசனை எனக்குத் தோன்றவில்லையே என்ற பொறாமையில் அழுதேன்.

4. புத்தகம்

உதவித்தொகை பூங்கொடிக்குக் கிடைத்தது. பட்டமும் வாங்கினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், அட்டை கட்டிய ஆய்வேட்டில் எனக்கென்று ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் என்னுடையது. "ஓர வரிசையைச் சேர்த்துக்கொள் என்று துணிவு தந்தவர்" என்று அச்சடித்திருந்தாள்.

"நீங்க மட்டும் அன்னைக்கு வேண்டாம்னிருந்தா நான் அந்தக் கணக்கையே அடிச்சிருப்பேனுங்க அக்கா" என்றாள். அதுவும் உண்மைதான். காபி போட்டுக் கொடுத்தேன். என் உள்நோக்கத்தை மட்டும் சொல்லவில்லை.

இளையவர்களுக்குச் சொல்ல இதுதான் இருக்கிறது. பொறாமை வரும், எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் வேலையில் ஒருவர் வந்து கேட்டால், உங்களுக்குச் சரியென்று தெரிந்ததைச் சொல்லுங்கள். தப்பென்று நினைத்துக்கொண்டே நான் சரி என்றேன். அது உண்மையிலேயே சரியாகிப் போனதில் என் பங்கு எதுவும் இல்லை.

பூங்கொடி, இதைப் படித்தால் ஒரு தடவை வீட்டுக்கு வா கண்ணு. ஆய்வேட்டை அந்தப் பக்கத்தில் திறந்து, பேனாவோடு மேசைமேல் வைத்திருக்கிறேன். அந்த வரியை உன் கையாலேயே அடித்துவிடு.