கதவைத் திறக்காத மாமா

நன்னடத்தைக்காக என் வாழ்க்கையில் நான் வாங்கிய பாராட்டு ஒன்றே ஒன்றுதான். பத்து வயதில், மொன்றியலில், என் தாயாரின் வாயால். அதற்காக நான் பின்பற்றிய ஒழுக்கம் முழுவதும் ஒரு சர்வாதிகாரியின் சிறைச்சாலையில் வகுக்கப்பட்டது என்பது பின்னால்தான் தெரிந்தது. பிறகு எத்தனையோ சுயமுன்னேற்ற நூல்களைப் படித்துப் பார்த்துவிட்டேன். எதுவும் என்னை அந்த அளவுக்குத் திருத்தவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், பனி கொட்டும் ஒரு மாரிகாலம். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியார் ஓர் அறிவித்தல் சொன்னார். பெலருஸ் என்ற நாட்டிலிருந்து ஒருவர் அகதியாக வந்திருக்கிறார். தன் ஊரில் சிறு பத்திரிகை நடத்தியவர். அதில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்டதற்காக மறியலில், சிறைக்கம்பிக்குப் பின்னால், இருந்தவர். வேலையொன்று எடுத்து, வீடொன்று பார்த்து, மனைவியையும் மகளையும் கூப்பிடும்வரை தங்க இடம் வேண்டும்.

கோயிலில் இருந்த அத்தனை பேரும் அகதியாக வந்தவர்கள்தான். ஆகவே அனுதாபத்துக்குக் குறைவில்லை, அறைகளுக்குத்தான் குறைவு. முன்வரிசை அன்ரி கையை உயர்த்தப் போவதை அம்மா கண்டுவிட்டார். அதற்கு முன் தன் கையை உயர்த்திவிட்டார். கருணையும் போட்டியும் எங்கள் பங்கில் ஒரே வரிசையில் நின்றுதான் நற்கருணை வாங்கும்.

அப்படித்தான் எங்கள் வீட்டு பேஸ்மென்ட் அறைக்குப் பெலருஸ் மாமா வந்தார். ஒல்லியான, நெடிய மனிதர். பெலருஸ் எங்கே இருக்கிறது என்று எங்களில் எவருக்கும் தெரியாது. டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் வேலை செய்த சித்தப்பா, அந்த ஊருக்குப் போகிற பிளேனுக்குத் தான் ஒரு நாளும் சாப்பாடு ஏற்றியதில்லை, ஆகவே சின்ன நாடாகத்தான் இருக்கும் என்றார். "ரஷ்யாவோ?" என்று யாராவது கேட்டால் மாமாவின் முகம், எங்களை "இந்தியாவோ?" என்று கேட்கும்போது அப்பாவின் முகம் போகிற மாதிரிப் போகும். அந்த ஒற்றுமையிலேயே அவர் எங்கள் வீட்டு ஆள் ஆகிவிட்டார்.

அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். அம்மாவுக்கு அதைவிடக் கொஞ்சம். ஆனால் அம்மா அவருடன் தமிழில்தான் கதைத்தார். சத்தத்தைக் கூட்டினால் எந்த மொழியும் விளங்கும் என்பது அவருடைய கொள்கை.

ஒரு கிழமைக்குள் அம்மா மாமாவிடம் மயங்கிப்போனார். காரணம் மரியாதை. மாமா ஆறு மணிக்கு எழும்பிவிடுவார். போர்வையைப் பெட்டி மாதிரி மடித்து வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பார். அப்பா வந்தால் சட்டென்று எழுந்து கைகளைப் பின்னால் கட்டுவார். நடைவழியில் எதிரே யாராவது வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று வழி விடுவார். தண்ணீர் குடிக்கவும் கேட்டுத்தான் குடிப்பார். பிட்டும் மீன்குழம்பும் வைத்தால் சாப்பாட்டுக் கோப்பையைக் கையால் அணைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், ஒரு பருக்கை மிச்சம் விடாமல் முடிப்பார். ஒரு துண்டுப் பாண் ரொட்டியை மட்டும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார்.

"சாப்பாட்டின்ரை அருமை தெரிஞ்ச பிள்ளை," என்பார் அம்மா. "உவரை வளர்த்த தாய்க்குக் கோயில் கட்டவேணும். நீங்களும் இருக்கிறீங்கள். ஃபிரிட்ஜைத் திறந்தால் மூடத் தெரியாது."

"அப்ப அவரையே பிள்ளையா வைச்சிருங்கோ," என்றாள் அக்கா. பதினைந்து வயது, எதையும் திறந்தே போடுகிற வயது.

அப்பா மட்டும் இந்தப் புகழ்மாலையில் சேரவில்லை. ஒரு தடவை, "அது மரியாதை இல்லை," என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துக் களஞ்சியத்தில் பின்னேர வேலைக்குக் கிளம்பினார். போகுமுன் பேஸ்மென்ட் கதவை அகலத் திறந்து, அது மூடாதபடி அரிசி மூட்டையை இழுத்து அண்டக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் அப்படியே செய்தார். குழம்பு மணம் கீழே போகுது என்று அம்மா ஒவ்வொரு நாளும் மூட்டையைத் தள்ளிக் கதவைச் சாத்தினார். மாமாவைப் புகழ்வதில் அப்பாவுக்கு எரிச்சல் என்று நான் முடிவு கட்டினேன்.

மாமாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. மூடிய கதவை அவர் திறக்கவே மாட்டார். முன்னால் போய் நிற்பார். யாராவது திறக்கும்வரை நிற்பார். வேலைக்காரர் கதவு திறந்துவிடுகிற அரண்மனையில் பிறந்திருப்பார் என்று நான் நினைத்தேன். விருந்தாளி கதவைத் தொடக்கூடாது என்பது யாழ்ப்பாணத்துச் சட்டம் ஆகையால், அம்மா கரண்டியோடு ஓடிப்போய்த் திறந்துவிடுவார். இப்படியே மாதம் ஒன்று ஓடியது. அவர் நிற்பதும் நாங்கள் ஓடுவதும் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போயிற்று.

டோர்வலுக்கு அது பழகவில்லை. சித்தப்பா தன் மேலாளரிடம் கெஞ்சி மாமாவுக்கு நேர்முகம் ஒன்று எடுத்துக் கொடுத்திருந்தார். அன்று பின்னேரம் சித்தப்பா தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து குசினி அடுப்படியில் உட்கார்ந்தார்.

"அண்ணி, நான் உள்ளுக்கை நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன், ஆள் வரேல்லை. நேரம் முடிஞ்சு வெளியிலை வந்து பாக்கிறன், வேலைக்காரர் போற கதவுக்கு முன்னாலை கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிக்கிறார். மூக்கு நுனியெல்லாம் பனி. பூட்டின கதவும் இல்லை. தள்ளினால் திறக்கும்."

"மரியாதை கூடிப்போச்சு," என்றார் அம்மா.

"மரியாதைக்கு ஆர் சம்பளம் தருவினம்? திங்கட்கிழமை ஒருக்காப் பாக்கிறன் எண்டு மேலாளர் சொல்லியிருக்கிறான். அதுவும் போனால் என்ரை முகத்திலை முழிக்கமாட்டான்."

மாமா மேசையோரம் இருந்தார். பேச்சு தமிழில் நடந்தாலும் அவருக்கு எல்லாம் விளங்கியது. சட்டைப்பையிலிருந்து மகளின் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். வேலை இல்லாவிட்டால் வீடு இல்லை. வீடு இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை வர முடியாது. அந்த மகளுக்கும் பத்து வயது.

இதற்கிடையில் நான் திருந்திக்கொண்டிருந்தேன். வரப்போவது நத்தார் எனும் கிறிஸ்மஸ், எனக்குப் பனிச்சறுக்குச் சப்பாத்து வேண்டும், அம்மாவின் மனதுக்கு வழி மரியாதைதான் என்று கண்டுபிடித்திருந்தேன். போர்வையைப் பெட்டியாக மடித்தேன். கோப்பையை அணைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பாண் துண்டைப் பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் எறும்பு கடித்தது, அதையும் ஒழுக்கத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டேன். "எடி, உனக்கென்ன விசரே?" என்றாள் அக்கா. மகான்களை அவர்களின் காலத்தில் யாரும் மதிப்பதில்லை.

அந்த ஞாயிறு சுவாமியார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அம்மா என்னைக் காட்சிக்கு வைக்க முடிவு செய்துவிட்டார்.

"இவளைப் பாருங்கோ சுவாமி. மாமாவைப் பாத்துப் பிள்ளை எவ்வளவு மாறிப்போச்சு."

சுவாமியார் தலையசைத்துவிட்டுக் கைகழுவக் குளியலறைப் பக்கம் போனார். நான் நடைவழிக்குப் போனேன். சாப்பாட்டறைக் கதவு மூடியிருந்தது. அதன் முன்னால் நின்று கைகளைப் பின்னால் கட்டி, முகத்தைச் சுவருக்குத் திருப்பி, நெற்றி சுவரில் முட்டுமளவுக்குக் குனிந்தேன். அந்த நேரம் மாமா, அப்பா திறந்து வைத்திருந்த பேஸ்மென்ட் கதவால் ஏறி வந்தார். பழக்கதோஷத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து அவரும் நின்றார்.

கொஞ்ச நேரம் இருவரும் நின்றோம். பிறகு அவர் திரும்பி என்னைப் பார்த்தார். யார் சொல்லித் தந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். "யூ," என்றேன் பெருமையோடு. பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

மாமா முழங்காலில் இருந்தார். என் பின்னால் கட்டியிருந்த கைகளை ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் கொண்டுவந்து, தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். "நோ," என்றார். "யூ, நோ." பிடித்த கைகளை விடவேயில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. ஏதோ ஒரு முத்திரையைப் பிழையாகப் பிடித்துவிட்டேனாக்கும் என்று நினைத்தேன்.

பிறகு எழுந்து சாப்பாட்டறைக் கதவின் கைபிடியைப் பார்த்தார். பாம்பைப் பிடிக்கிறவன் மாதிரிப் பிடித்தார். திறந்தார். அதோடு நிற்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு போய் வாசற்கதவைத் திறந்தார்; மார்கழிக் குளிர் அப்படியே வீட்டுக்குள் ஏறியது. "கதவைச் சாத்துங்கோ, ஹீட்டிங் எல்லாம் போகுது," என்று அம்மா குசினியிலிருந்து கத்தினார். மாமா அலுமாரியைத் திறந்தார். ஃபிரிட்ஜைத் திறந்தார். அடுத்ததை நான் திறக்கவேண்டும் என்று சைகை காட்டினார். நான் ஒன்று, அவர் ஒன்று என்று வீட்டைச் சுற்றினோம். அவருடைய முறையில் குளியலறை வந்தது. அதன் கொளுக்கி உடைந்து ஒரு வருடம். உள்ளே சுவாமியார் கைகழுவ மட்டும் போகவில்லை என்பது அப்போது தெரிந்தது.

மாமா "சாரி" என்று சொல்லி அந்தக் கதவை மூடினார். அவர் தானாக மூடிய முதல் கதவும் அதுதான்.

அப்பா சாப்பாட்டு மேசையில், எப்போதும்போல வாசலைப் பார்த்த கதிரையில் இருந்தார். எழும்பவில்லை. ஆனால் கண்ணைத் துடைத்தார். சுவாமியாரை நினைத்துச் சிரித்ததில் வந்த கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சித்தப்பா போன் எடுத்தார். "கதவைத் தள்ளின தள்ளிலை பின்னாலை நிண்ட மேலாளருக்கு முழங்கையிலை அடி. ஆனால் எடுத்திட்டான்."

கோடையில் மனைவியும் மகளும் வந்தார்கள். லவாலில் சிறு வீடெடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு நன்றி சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மகள் வாசல் மணியை அடிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அக்காவின் அறையைத் திறந்தாள், பேஸ்மென்டைத் திறந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து, எனக்கென்று கரைத்து வைத்திருந்த நெல்லிக் கிறஷை எடுத்துக் குடித்தாள், மூடாமல் போனாள். ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. மாமா அதட்டுவார் என்று பார்த்தேன். அவரோ கோயில் சுற்றுப்பிரகார ஊர்வலம் பார்க்கிற சனம் மாதிரி வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் அவரைப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள்.

அப்பாவும் ஊரில் சில மாதம் 'உள்ளே' இருந்தவர் என்று எனக்குக் கல்யாணமான பிறகுதான் அக்கா சொல்லித் தெரியும். அன்றைக்கு, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. போனது என் கிறஷ்.

அவர்கள் போனதும் அம்மா ஃபிரிட்ஜ் கதவை அடித்துச் சாத்தினார்.

"தகப்பன் எப்பிடி மரியாதையான மனுசன்," என்றார். "பிள்ளையை வளர்த்திருக்கிற வளர்ப்பைப் பார்."