கண்ணாடிக்கு வாங்கிய குங்குமம்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ் சோதனைச் சாவடியில் நிற்கிறது. என் மடியில், தொலைநோக்கிக்காக மூன்று மாதம் கையாலேயே தேய்த்துக் குழித்த கண்ணாடி வட்டு. சட்டைப் பையில் அதற்குக் கடைசி மெருகேற்றும் சிவப்புத் தூள். நகைப் பட்டறை ஒன்றில் கெஞ்சி வாங்கியது.

ஏறிவந்த ஆமிக்காரர் வட்டை விட்டுவிட்டு, என் பையிலிருந்த தூள் பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கிறார். "மொகத மே?" இது என்ன என்கிறார். செவ்வாய்க் கிரகம் பார்க்கத்தான் என்று என் அரைகுறைச் சிங்களத்தில் தொடங்கினால், இன்று வீடு போய்ச் சேர்வது சந்தேகம்.

பக்கத்து சீட் அம்மா முந்திக்கொள்கிறார். தமிழரென்று தெரியக்கூடாதென்று பொட்டை அழித்துவிட்டு பஸ் ஏறியவர். "கோவில் குங்குமம், மஹத்தயா."

ஆமிக்காரர் உடனே தொப்பியைக் கழற்றி, ஒரு சிட்டிகை எடுத்துப் பயபக்தியோடு நெற்றியில் வைக்கிறார். பிறகு பொட்டலத்தை அம்மாவிடம் நீட்டுகிறார். அவர் வைக்காமல் இருக்க முடியுமா? பின்சீட்டுக் கைகளும் நீள்கின்றன. டிரைவர் தனக்கும் வைத்து ஸ்டியரிங்குக்கும் வைக்கிறார். என்னிடம் திரும்பி வருவது வெறும் காகிதம்.

பஸ் புறப்பட்டதும் அம்மா குனிந்து கேட்கிறார்: "தம்பி, உண்மையில இது என்ன தூள்?"

"நகை மினுக்கிற தூள், அம்மா."

"அப்ப பாதகமில்லை. தங்கத்துக்கு ஒத்துவாறது எங்கட நெத்திக்கு ஒத்துவராதா?"

ஆனாலும் அடுத்த சாவடி தெரிந்ததும் முந்தானையால் நெற்றியை அழுத்தித் தேய்க்கிறார். நெற்றிதான் மினுங்குகிறது, பொட்டு போவதாயில்லை.