நூல் பிடித்து அளந்த ஆகாயம்

1961 செப்டம்பர் 14, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். தூறல். உத்திரமேரூர் போஸ்ட்மாஸ்டர் தாமே குடை பிடித்து வந்து என் தம்பியின் தந்தியைக் கொடுத்தார். கௌஹாத்தியிலிருந்து காலை எட்டு மணி விமானத்தில் புறப்படுவதாகவும், காத்திருக்கும்படியும் இருந்தது.

முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு அம்மா இறந்திருந்தாள். தாய்க்குக் கடைசிப் பிள்ளை கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் கடைசிப் பிள்ளை அஸ்ஸாமில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தா.

“மீனம்பாக்கத்துக்கு ஒரு ட்ரங்க் கால் போட்டு, பிளேன் எப்ப வரும்னு கேட்டுடலாமா வாத்தியாரே?” என்றார் போஸ்ட்மாஸ்டர்.

“எதுக்கு சார்? மேப் கீது, நூல் கீது. நானே சொல்லிடுறேன்.”

பள்ளிக்கூடத்துப் படத்தை விரித்தேன். கௌஹாத்தியில் நூலின் ஒரு முனை, மீனம்பாக்கத்தில் மறுமுனை. அளவுகோலில் வைத்தால் ஆயிரத்து நூற்று எழுபது மைல். விமானத்துக்கு மணிக்கு நூற்று எழுபது மைல் வேகம். ஆறு மணி ஐம்பத்து மூன்று நிமிடம். கல்கத்தாவில் இறங்கி ஏற அரைமணி. அப்புறம் டாக்ஸியில் இரண்டு மணி நேரம். மாலை ஐந்து இருபத்து மூன்றுக்குத் தம்பி வாசலில் நிற்பான் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

ஐந்தரை ஆயிற்று. ஆறும் ஆயிற்று. மழை வலுத்தது. அம்மாவின் தலைமாட்டில் ஊதுவத்தியின் எண்ணிக்கை நாற்பத்தொன்று.

“டேய், ஏரோப்ளேன் இன்னா மாட்டு வண்டியா, அச்சு முறிஞ்சி வழியில நிக்க?” என்றார் பெரியப்பா. “உன் கணக்கு சரியா, தப்பா? அத்தச் சொல்லு.”

“கணக்கு சரிதான் பெரிப்பா. அவன் பிளேனைத் தவற வுட்டுட்டான். இனிமே நாளைக்குத்தான் ஏறுவான்.”

“அப்ப நாளைக்கு சாயங்காலந்தான் வருவான். அதுவரிக்கும் தாங்குமாடா?”

நான்தான் கொள்ளி வைத்தேன்.

மறுநாள் காலை எட்டு ஐம்பதுக்குச் சுடுகாட்டில் பால் தெளித்துக்கொண்டிருந்தோம். ஒரு டாக்ஸி சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. தம்பி இறங்கினான். அவன் எதையும் தவறவிடவில்லை. முந்தின நாள் முற்பகலே கல்கத்தா வந்துவிட்டான். அங்கிருந்து இரவுத் தபால் விமானம்தான் கிடைத்தது. அது நேராகச் சென்னைக்கு வருவதில்லை, நாக்பூருக்குப் போகிறது. நான்கு ஊர் விமானங்கள் நள்ளிரவில் அங்கே கூடி, தபாலையும் ஆட்களையும் மாற்றிக்கொண்டு திரும்புகின்றன. என் நூல் நாக்பூரைத் தொடவே இல்லை. ஒரு போன் பேசியிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு ராத்திரி காத்திருக்கச் சொல்லியிருப்பேன்.

தம்பி சாம்பலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “நாக்பூர்ல பெஞ்சில குந்திக்கினு இருந்தேண்ணா. நீ கீற, எப்படியும் நிறுத்தி வச்சிருப்பன்னு நெனச்சிக்கினே இருந்தேன்.”

அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை. எனக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. எங்கள் ஏரிக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் கைக்கடியாரத்தைப் பார்க்கிறேன். கண்ணை மூடினால், நான் பார்த்தே இராத அந்த பெஞ்சில் அவன் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் அம்மா.

அன்று பால் சொம்பைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. டாக்ஸிக்காரர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, மீனம்பாக்கத்திலிருந்து வந்த வாடகையைக் கேட்டார். இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தேன். முப்பத்தெட்டு ரூபாய், ஐம்பது நயா பைசா.