வரேன், மாமா

எங்கள் பள்ளியில் அவளுக்கு 'அப்புறம் டீச்சர்' என்று பெயர். பிள்ளைகள் வைத்தது; மற்ற ஆசிரியர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். பாடத்தைக் கணினியில் கதையாகச் செய்து, விறுவிறுப்பான இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, "அப்புறம்?" என்று கேட்பாள். திரையில் இரண்டு பொத்தான்கள் வரும். பிள்ளைகள் எதை அழுத்துகிறார்களோ, கதை அந்தப் பக்கம் போகும். கதாபாத்திரம் பிழைப்பதும் மண்ணைக் கவ்வுவதும் அவர்கள் கையில்.

பள்ளிக்கு வெளியே அவள் எனக்கு நாத்தனார், என் கணவரின் ஒரே தங்கை. நான் அதே பள்ளியில் கணினி அறைப் பொறுப்பாளர். பதினெட்டு கணினிகளும் ஒரு சாவிக்கொத்தும் என் ராஜ்ஜியம். வீட்டில் என்னை அண்ணி என்பாள், பள்ளியில் மேடம் என்பாள். கோபம் வந்தால் இரண்டு இடத்திலும் மேடம்தான்.

ஆசிரியை ஆவதற்கு முன்னால் ஒரு மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தாள். அங்கே தானாகப் பேசும் இயந்திரம் வைத்தபோது அவள் குரலையே பதிவு செய்தார்கள். டாக்டரைப் பார்க்க ஒன்றை அழுத்தவும், பரிசோதனை முடிவுக்கு இரண்டை அழுத்தவும். அடுத்த மாதமே, குரல்தான் இருக்கிறதே, ஆள் எதற்கு என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து ஒரு மூச்சு கத்தியிருப்பேன். அவளோ வீட்டுக்கு வந்து அதே எண்ணுக்குப் போன் போட்டு, தன் குரலைத் தானே கேட்டாள்.

"நல்லாத்தான் பேசறேன் அண்ணி. ஆனா எதிர்ல இருக்கறவங்க என்ன சொல்றாங்கன்னு இது கேக்கவே மாட்டேங்குது" என்றாள். அந்த வருடமே ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள்.

மூன்று வருடத்தில் நாற்பது கதைகள் செய்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மூன்றாவது பாடவேளை அவளுடையது. இந்த வருடம் புது எச்.எம். வந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். கணினி அறையில் தேர்வுப் பயிற்சி நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். "கதை சொல்றதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? வாய் இருக்கே!" என்றார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்து ஒரு வகுப்பைப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் கதை வகுப்பு தொடரும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் அந்த அறையில் பயிற்சித் தேர்வுதான்.

"பாக்கட்டுமே. பாத்தா விடமாட்டாரு" என்றாள் என் நாத்தனார். தலைக்கனம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அது வேலை தெரிந்தவளின் தெம்பு.

அவள் எடுத்துக்கொண்டது ஓடும் நீரின் விசை. கதை எளிதானது. மழையில் பள்ளி சீக்கிரம் விட்டுவிடுகிறது. வழியில் ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஓடுகிறது. பக்கத்து வீட்டு மாமா ஸ்கூட்டரில் வந்து, "முழங்கால் தண்ணிதான், அந்தப் பக்கம் போயிடலாம், வரியா?" என்று கேட்கிறார். அங்கே இரண்டு பொத்தான்கள். 'நானும் உங்களுடன் வருகிறேன்' என்று ஒன்று. 'நான் வர மறுக்கிறேன்' என்று இன்னொன்று.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் மாலை, சரிபார்க்க என்னைக் கூப்பிட்டாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"மறுக்கிறேன்னு எந்தப் பிள்ளை பேசுது? இது என்ன கோர்ட்டா? பேசற மாதிரி எழுது" என்றேன். அவள் தேநீர் எடுத்துவரப் போன நேரத்தில் நானே மாற்றியும் வைத்தேன். ஒன்று, 'வரேன், மாமா'. இன்னொன்று, 'முடியாது'. அவள் வந்து படித்துப் பார்த்து, நல்லா இருக்கே என்று சிரித்தாள். எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்று முப்பத்தாறு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். அதிகாரி பின்னால் கைகட்டி நின்றார். எச்.எம். அவர் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கதை சுரங்கப்பாதைக்கு வந்தது. டீச்சர் கேட்டாள்: "அப்புறம்?"

பதினெட்டில் பதினான்கு திரைகள் நீலமாயின. ஸ்கூட்டர் கவிழ்ந்து, மாமாவும் பிள்ளையும் தண்ணீரில் போய்விட்டார்கள். 'முடியாது' என்று அழுத்திய நாலு ஜோடிகளும் வீட்டிலும் எதற்கெடுத்தாலும் முடியாது என்கிற ரகம்; அதைப் பாடம் கற்ற கணக்கில் சேர்க்க முடியாது.

அதிகாரி ஒவ்வொரு திரையாகப் பார்த்துக் குறிப்பு எழுதினார். மரியாதையாகத்தான் பேசினார். "நிறைய உழைச்சிருக்கீங்க மேடம். ஆனா பிள்ளைங்க விளையாடறாங்க, கத்துக்கல. தண்ணி ஓடுதுன்னு தெரிஞ்சும் உள்ள போறாங்களே." எச்.எம். தலையாட்டினார். அதிகாரி குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்தார்.

"சரி, அப்ப நான் வரேன்" என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

முதல் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். எதற்கும் வாதாடுவதால் வகுப்பில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"சார், இப்ப நீங்க எங்க வரீங்க?"

"எங்கயும் வரலம்மா. கிளம்பறேன்."

"நானும் அதத்தான் சொன்னேன்! வரேன் மாமான்னு சொல்லிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். இது என்னைத் தண்ணிக்குள்ள தள்ளிடுச்சு!"

உடனே நாலாபக்கமிருந்தும் குரல்கள். நானும்தான் டீச்சர்! நாங்களும்தான்! பெரியவங்ககிட்ட முடியாதுன்னு எப்படி டீச்சர் சொல்றது?

எனக்குக் காது சூடேறியது. டீச்சர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "என் தப்பு சார். வார்த்தைய நான் சரியாப் பாக்கல" என்றாள். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

"அவங்க தப்பு இல்ல சார். அந்த ரெண்டு பட்டனையும் மாத்தினது நான்" என்றேன். முப்பத்தாறு தலைகளும் என் பக்கம் திரும்பின. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால் அன்று இரவு அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பாடு பரிமாறியிருக்க முடியாது.

டீச்சர் அசரவில்லை. "பத்து நிமிஷம் குடுங்க சார்" என்றாள். கேட்ட தோரணையில் அதிகாரி மறுபேச்சில்லாமல் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவள் வகுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

"பட்டன்ல என்ன எழுதணும்? நீங்களே சொல்லுங்க. மாமா கூப்பிடறாரு. என்ன சொல்லுவீங்க?"

வக்கீல்தான் முதலில் சொன்னாள். "வேணாம் மாமா, நீங்களும் போகாதீங்க. எங்க வீட்டு மாடிக்கு வந்துடுங்க."

டீச்சர் விசைப்பலகையில் வைத்த கையை எடுத்துவிட்டாள். அவள் கதையில் பிள்ளை பிழைக்க வழி இருந்தது. மாமா பிழைக்க வழியே இல்லை. நாற்பது கதை எழுதியவளுக்கு அது தோன்றவில்லை, பிழை பார்த்த எனக்கும் தோன்றவில்லை. "இதுக்கு என்கிட்ட பக்கமே இல்லையே!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே ஒரு புதுப் பக்கம் தட்டினாள். நான் பதினெட்டு கணினிக்கும் அதை அனுப்பினேன்.

"விடையத்தான் இப்ப எல்லாரும் கேட்டுட்டாங்களே. அழுத்தாம என்ன செய்வாங்க?" என்றார் அதிகாரி. கேள்வி நியாயம்தான்.

"அழுத்தினா மட்டும் கதை நகராது சார்" என்றாள் அவள். புதுப் பக்கத்தில் மாமா எதிர்த்துக் கேட்டார்: 'முழங்கால் தண்ணிதானே, என்ன ஆயிடும்?' கீழே பொத்தான் இல்லை. எழுத வெற்றுக் கட்டம் மட்டும். மாமாவை ஒப்புக்கொள்ள வைப்பது இனி பிள்ளைகள் பாடு.

அறை முழுக்க விசைகள் தட்டும் சத்தம். ஜோடிகளுக்குள் சண்டை. அதிகாரி எழுந்து, இந்த முறை குனிந்து படித்துக்கொண்டே போனார். ஓடும் தண்ணி காலை வாரும். பள்ளம் இருந்தா தெரியாது. தண்ணி டயரைத் தூக்கிடும், பிரேக் பிடிக்காது. பதினெட்டுத் திரையிலும் காரணம் இருந்தது. எழுத்துப் பிழையும் இருந்தது. கடைசி வரிசையில் ஒரு ஜோடி எழுதியதை அவர் சத்தமாகவே படித்தார்.

"'ஸ்கூட்டர் போனா வேற வாங்கலாம். எங்களுக்கு மாமா ஒருத்தர்தான்.'"

குறிப்பேட்டைத் திரும்ப வெளியே எடுத்தார். எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புதிதாக எழுத ஆரம்பித்தார். மணி அடித்தும் ஒரு பிள்ளையும் எழவில்லை. "இந்தக் கதைய மத்த பள்ளிகளுக்கும் அனுப்பலாமா மேடம்?" என்று கேட்டார்.

"அனுப்பலாம் சார். ஆனா அந்தந்த வகுப்புப் பிள்ளைங்க பேச்சைக் கேட்டுட்டு, அப்புறம் பட்டன்ல எழுதச் சொல்லுங்க" என்றாள் என் நாத்தனார்.

திங்கட்கிழமை காலை எச்.எம். புதிய கால அட்டவணையை என்னிடம் தந்து, அறிவிப்புப் பலகையில் குத்தச் சொன்னார். வெள்ளி மூன்றாவதும் நான்காவதும் ஆறாம் வகுப்பு, கதை. குண்டூசி டப்பா கையிலேயே இருந்தது. நான் கோந்து எடுத்து நாலு மூலையிலும் நடுவிலும் தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினேன்.