கழகத் தலைவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிய கதை

இன்று பின்னேரம், எங்கள் கடற்கரை மைதானம், விசில் என் வாயில்!

(எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன்தான் எழுதுகிறது. பிழை இருந்தால் அதைத் திட்டுங்கள்.)

பெருநாள் விளையாட்டுப் போட்டி. எந்த வருசம் யார் வென்றார்கள், யார் வழுக்கி விழுந்தார்கள், எல்லாம் என் மண்டைக்குள் அப்படியே கிடக்கிறது.

அதில் ஒரு தரம்கூடப் பெண்கள் கயிறு இழுத்ததில்லை. அவர்களுக்குத் தேசிக்காயைக் கரண்டியில் வைத்து ஓடுகிற ஓட்டம்தான்!

இந்த முறை யூடித் விடவில்லை.

ஊர்ப் பெட்டைகளைச் சேர்த்து உதைபந்தாட்ட அணி வைத்திருப்பவள். மைதானம் பெடியளுக்கு மட்டும் என்பதால் தோணிகளுக்கு நடுவேதான் பயிற்சி. (பாதி நேரம் பந்தைக் கடலுக்குள் தேடுவார்கள்!)

விளையாட்டுக் கழகத் தலைவர் றொபேட், என் மருமகன், சவால் விட்டான்.

"கயிறிழுவையில எங்களை வெண்டு காட்டுங்கோ. பிறகு பின்னேரத்தில மைதானம் உங்களுக்குத்தான்."

"சொன்ன சொல் மாறக்கூடாது, றொபேட் அண்ணை."

"மாறமாட்டன். நீ முதல்ல செருப்பைக் கழட்டு பிள்ளை!"

ஆண்கள் அணி முழுக்கக் கரைவலை இழுப்பவர்கள். விடிந்தால் கயிறு பிடிக்கிற கைகள்!

வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் படிப்பார்கள். வரி முடிந்ததும் கடைசியில் நிற்கிறவன் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய் முன்னால் பிடிக்க வேண்டும். கரையில் அதுதான் முறை.

விசில் ஊதினேன்.

பெண்கள் நடுக்கோட்டுப் பக்கம் சறுக்கத் தொடங்கினார்கள். ஆண்களின் கடைசி ஆள் றொபேட், நட்டு வைத்த பனங்குற்றி மாதிரி. இன்னும் ஒரு முழம் போனால் ஆண்களுக்கு வெற்றி.

அப்போது யூடித் அம்பாவை எடுத்தாள்! மற்றப் பெண்கள் பின்பாட்டு. (வலை வரும்வரை கரையில் கூடையோடு நிற்பவர்கள் அவர்கள்தானே!)

ஆண்களின் வாயும் தானாகச் சேர்ந்து படித்தது.

வரி முடிந்தது.

றொபேட் கயிற்றை விட்டான். ஓடினான். முன்னால் வந்து பிடித்தான்!!

பிடித்த கயிறு கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து கழகமே குப்புற!

"மாமா! அளாப்பிப்போட்டாளவை! பாட்டுப் படிச்சு ஏமாத்திப்போட்டாளவை!"

"நீயும் சேர்ந்துதானேடா படிச்சனி?"

"அது... வாய் தன்பாட்டில படிச்சிட்டுது."

"அப்ப காலை ஆரடா ஓடச் சொன்னது?"

யூடித் கயிற்றைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "அண்ணை, உதில மீனும் இல்லை. பிறகு என்னத்துக்கு முன்னுக்கு ஓடி வந்தனீங்கள்?"

மைதானமே சிரித்தது. மண்ணைத் துப்பித் துப்பி றொபேட்டும் சிரித்தான்.

"சரி, சரி. நாளைக்குப் பின்னேரம் வாங்கோ. கோல் போஸ்டுக்கு வலை நானே கட்டித் தாறன்."

வெற்றி அறிவிக்க விசில் ஊதினேன். சிரிப்பில் காற்றுத்தான் வந்தது.

இப்போது ஆண்கள் அடுத்த பெருநாளுக்கு மறுபோட்டி கேட்கிறார்கள். ஒரேயொரு நிபந்தனையாம்: ஒருவரும் பாடக்கூடாது!

நடுவர் நான்தான். என்ன சொல்லட்டும், சொல்லுங்கள்?