ஞானரத்தினம் அத்தான் இரண்டு முறை ஏலம் எடுத்த பலகை

என் அக்கா புருஷன் ஞானரத்தினம் அத்தானிடம் குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். மனிதர் லேசில் எதையும் முடிவு செய்ய மாட்டார். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். மில்லில் மெஷின் நின்றுபோனால் பார்த்த மாத்திரத்தில் காரணம் சொல்லிவிடுவார். சலூனில் மட்டும் மீசையை வைப்பதா எடுப்பதா என்று யோசித்துக்கொண்டே, பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் அனுப்பிவிடுவார்.

அவர் வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட் இருந்தது. வீட்டை விற்றவர் அம்பாசடர் வாங்கும் ஆசையில் கட்டியது. கார் வரவே இல்லை. அத்தானின் லூனா மொபெட்தான் ஒரு மூலையில் நின்றது. அந்த ஷெட்டைப் பட்டறையாக்கி, மில் நேரம் போக ஊரார் மிக்ஸியையும் மோட்டாரையும் பழுது பார்க்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. எண்பத்தாறிலேயே மேசைக்கு இரும்புக் கால்களை வெல்டிங் செய்து வைத்துவிட்டார். சாமானைக் கவ்விப் பிடிக்கக் கனமான வைஸ் ஒன்றும் வாங்கியாயிற்று. மேலே போடும் பலகைதான் பாக்கி. எண்பத்தெட்டிலும் அதே பாக்கி.

இரும்புத் தகடு போடலாமே என்றேன்.

"மோட்டாருக்குக் கரண்டு குடுத்துப் பாக்கையில நானே மேல போயிருவேன் மாப்ளே."

கடப்பைக்கல் என்றால் சுத்தியல் விழுந்து தெறிக்குமாம். பிளைவுட் எண்ணெய் குடித்து ஊதுமாம். மாம்பலகையை வண்டு தின்றுவிடுமாம். என்னை லூனாவின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு மரக்கடையாகப் போவார். பலகையைத் தட்டுவார், முகர்வார், நகத்தால் கீறுவார். பிறகு எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதுவரைக்கும் அடுப்படி வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து வேலை பார்த்தார். உள்ளே தேவகிருபை அக்கா குழம்பு தாளிப்பாள். வெளியே இவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுவார். இருவருக்கும் பேச்சு ஓயாது. ஆனால் என்னைப் பார்த்தால் அக்கா, "கால் வைக்க எடமில்லடா, இன்னும் எம்புட்டு நாளைக்கு இந்தக் கூத்து?" என்று சலித்துக்கொள்வாள்.

அந்த வருடம், விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு, நானும் அக்காவும் பிறந்து வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் வேதக்கோயிலுக்கு மூவரும் போனோம். ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த பூசணி, சேவல், வாழைத்தார் எல்லாம் ஏலம் போகும். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் எடுத்த பொருளைப் பணம் கட்டிவிட்டு, 'ஆண்டவருக்கே' என்று திருப்பிக் கொடுத்தால் பெரிய மதிப்பு. எல்லோரும் கைதட்ட, அதையே மறுபடி ஏலம் விடுவார்கள். வாழைத்தார் கடைசி ஆள் கைக்குப் போகும்போது பாதிப் பழம் உதிர்ந்திருக்கும்.

அன்றைக்கு ஏலத்தில், கோயில் அலுவலகத்தில் பிரித்துப்போட்ட பழைய மேசையின் பலகையும் இருந்தது. அசல் பர்மா தேக்கு. அத்தான் தட்டினார், முகர்ந்தார், கீறினார். நான் பழக்கதோஷத்தில் டீக்கடை எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

"மாப்ளே, இதுதான்" என்றார். எனக்கு மயக்கம் வராத குறை.

சபைச் செயலாளர் தேவநேசன் ஏலத்தைத் தொடங்கினார். எதிரே வத்திராயிருப்புத் தேங்காய் வியாபாரி காசிராஜன். அவர் எங்கள் சபை இல்லை. இந்த ஏலத்தில் எதையாவது எடுத்தால் தோப்பு நன்றாகக் காய்க்கும் என்று வருடம் தவறாமல் வருபவர். இருவரும் மாறிமாறி ஏற்றினார்கள். ஒருவழியாக அத்தான் பேருக்கு மூன்று தரம் முடிந்தது.

அவர் மூச்சு விடுவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்தாள். "ஆண்டவருக்கே திருப்பிக் குடுத்துட்டோம்ணே! மறுபடி ஏலம் விடுங்க!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அத்தான் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இரண்டாம் ஏலத்தில் காசிராஜனுக்கு வேகம் வந்துவிட்டது. "அண்ணாச்சியே தாராளமாக் குடுத்துட்டாக, நாம சும்மா இருந்தா நல்லாருக்குமா?" என்று ஏற்றிக்கொண்டே போனார். அத்தான் தன் பலகைக்குத் தானே போட்டி போட்டார். விலை எங்கேயோ போய்விட்டது. தேவநேசன் ரெண்டுதரம் என்று இழுத்தபோது அத்தான் கண் மேலே சொருகியது. கடப்பைக்கல்லே தேவலையோ என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று புரிந்தது. தொடையில் ஓங்கிக் கிள்ளினேன். அலறிக்கொண்டு எழுந்து ஒரு தொகையைச் சொன்னார். காசிராஜன் கும்பிட்டு உட்கார்ந்தார்.

"மறுபடியும் ஆண்டவருக்குத்தான அண்ணாச்சி?" என்றார் தேவநேசன். அந்தப் பக்கம் அக்கா எழுந்துகொண்டிருந்தாள்.

"இல்லவே இல்ல! இது வீட்டுக்கு" என்று அத்தான் கத்தினார். "ஆண்டவருக்கு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை குடுத்தாச்சு!"

பாதிரியாரே சிரித்துவிட்டார்.

பலகை பஸ்ஸின் மேலே வந்தது. ஷெட்டில் இறக்கி வைத்த பிறகு அத்தான் கேட்டார். "வழக்கம்னா ஒரு வாழைத்தாரைக் குடுத்திருக்கலாமே கிருபை. இதையா குடுக்கணும்?"

"வழக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் அக்கா. "பலகை வந்துட்டா நீங்க ஷெட்டுக்குப் போயிருவீக. பொறவு அடுப்படியில நான் யார்கூடப் பேச? செவுத்துகூடயா?"

அவள் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் அவள் சலிப்பை நான் நிஜமென்றே நம்பியிருந்தேன்.

அத்தான் யோசிக்கவில்லை. நிஜமாகவே யோசிக்கவில்லை. சுத்தியலையும் உளியையும் எடுத்து, ஷெட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்த சுவரை அளவுகூடப் பார்க்காமல் உடைக்க ஆரம்பித்தார். செங்கல் ஒன்று அந்தப் பக்கம் ரசச்சட்டியில் விழுந்தது. அன்றைக்கு மட்டும் அக்கா திட்டவில்லை.

ஜன்னலாகிவிட்ட அந்த ஓட்டையின் கீழேதான் தேக்குப் பலகையைப் பூட்டி வைஸை முடுக்கினோம். அப்புறம் அந்தப் பட்டறையில் பழுது பார்த்த மிக்ஸி எல்லாம் பெருங்காய வாசத்தோடுதான் வீடு திரும்பின.

ஜன்னலுக்குக் கதவு தேக்கிலா, வேம்பிலா, இரும்பிலா என்று அத்தான் தொண்ணூற்றைந்திலும் என்னை மரக்கடைகளுக்குக் கூட்டிப்போனார். கதவு எப்போது வரும் என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை.